வசந்தாக்காவின் வெள்ளை உடுப்பு

போன வாரம் ஜொகூர் ஸ்கூடாயில் கொசுவர்த்தி வாங்கப் போன கடையில் பழைய சிநேகிதி ஒருத்தியைப் பார்த்தேன். ஆள் இல்லை, புட்டி. அடித்தட்டில், எலிப்பொறிகளுக்குப் பின்னால், மேலெல்லாம் தூசியோடு நின்றிருந்தது. பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வெள்ளை பூசுவோமே, அந்த மருந்துப் புட்டி. மூடியைத் திறந்தால் தலையில் ஒரு பஞ்சு இருக்கும், கவிழ்த்துத் தேய்க்க வேண்டியதுதான். உங்களுக்கும் நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும் சப்பாத்துகள் வெள்ளை பூசிக்கொண்டு வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும்.

கடைக்காரத் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இது எதுக்கு ஆன்ட்டி? இப்ப ஸ்கூல் பிள்ளைங்க எல்லாம் கருப்பு ஷூதானே. இதெல்லாம் ஓடாதுலா."

"எனக்குத்தான்பா" என்றேன். அவன் என் காலைப் பார்த்தான். காலில் தேய்ந்துபோன சிவப்பு ரப்பர் சிலிப்பர். பாவம், தூசியைத் தட்டிப் பையில் போட்டுக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். சுண்ணாம்பும் ஈரத்துணியும் கலந்த மாதிரி ஒரு வாசம். மற்றவர்களுக்கு அது பள்ளிக்கூடத்தைக் கொண்டுவரும். எனக்கு ஒரு புல்தரையையும், அதில் தொப்பி போட்டுக்கொண்டு குனிந்து நிற்கும் வசந்தாக்காவையும் கொண்டுவந்தது. கொசுவர்த்தியைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்ததைக் கொசு கடித்த பிறகுதான் கண்டுபிடித்தேன்.

நாங்கள் ஆடிய ஆட்டத்துக்குப் பெயர் போலிங் பாடாங். பெயரைக் கேட்டதும் உங்களில் பாதிப் பேர், பெரிய கடைகளுக்குள் மரத்தரையில் பந்தை உருட்டிக் கட்டைகளைத் தள்ளுவார்களே, அதுதானே என்பீர்கள். அது இல்லை. இது வெட்டவெளியில், ஒட்ட வெட்டிச் சமன்படுத்திய புல்தரையில் ஆடுவது. முதலில் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை உருட்டிவிடுவார்கள். அதற்கு ஜாக் என்று பெயர். அப்புறம் பெரிய பந்துகளை உருட்ட வேண்டும். யாருடைய பந்து ஜாக்கை நெருங்கிப் போய் உட்காருகிறதோ அவர்களுக்குப் புள்ளி. அவ்வளவுதான் ஆட்டம். ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம், யாரும் வந்து மோத மாட்டார்கள். இந்தக் காரணங்களுக்காகவே நான் சேர்ந்தேன்.

அப்போது தெப்ராவ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. கணக்குப் பிரிவில் கக் ரோஸ் என்று ஒரு மலாய்க்கார அக்கா இருந்தார். வேலை முடிந்ததும் டவுனுக்கு வெளியே ஒரு கிளப்பில் இந்த ஆட்டம் ஆடுவார். பெண்கள் குழுவுக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பும் அவருடையது. கண்ணில் பட்டவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். அப்படி இழுபட்டவர்களில் நானும் ஒருத்தி.

ஆட்டம் சின்னதாக இருந்தாலும் அதற்கு வேண்டிய சாமான்கள் ஒரு கல்யாண வீட்டுக்கு ஆகும். முதலில் பந்து. அது உருண்டை போல இருக்கும், ஆனால் உருண்டை இல்லை. ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சரித்திருப்பார்கள், அதனால் நேராக விட்டால் நேராகப் போகாது, வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளைந்து ஒதுங்கும். எந்தப் பக்கம் வளையும் என்று தெரிவதற்காகப் பந்தின் இரண்டு பக்கமும் வட்டமாகச் சித்திரம் செதுக்கியிருக்கும். ஒரு பக்கம் சின்ன வட்டம், மறுபக்கம் பெரிய வட்டம். சின்ன வட்டம் இருக்கிற பக்கம்தான் பந்து வளையும். இதை மாற்றிப் பிடித்தால் பந்து பக்கத்து ஆட்டக்காரர்களின் காலடிக்குப் போய் நிற்கும். நான் அடிக்கடி போய், சாரி சொல்லி, பொறுக்கிக்கொண்டு வருவேன். பக்கத்துத் தடத்தில் ஆடியவர்களோடு எனக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டது அப்படித்தான்.

பந்திலும் அளவு உண்டு. இரண்டு கையின் கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பந்தைச் சுற்றிப் பிடித்தால் விரல் நுனிகள் தொட வேண்டும். என் கை சின்னது. கிளப்பில் இருந்ததெல்லாம் வெள்ளைக்காரத் துரைகள் விட்டுப்போன பழைய பந்துகள், ஒவ்வொன்றும் சின்னப் பூசணிக்காய் கனம். போதாக்குறைக்கு எங்கம்மா காலையில் என் தலையில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து அனுப்பிவிடுவார். முடியை ஒதுக்கிய கையோடு பந்தை எடுப்பேன், அது மீன் மாதிரி நழுவி என் கால்மேலேயே விழும். கக் ரோஸ் எனக்கென்றே ஒரு துண்டை இடுப்பில் சொருகி வைத்திருந்தார்.

அம்மாவைப் பற்றிச் சொன்னதும் ஆயுத பூஜை ஞாபகம் வருகிறது. ஒரு வருடம் என் பந்துப்பையை வீட்டில் வைத்திருந்தேன். அம்மா அரிவாள்மணை, தையல் இயந்திரம், அப்பாவின் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு என் பந்துகளுக்கும் வைத்துவிட்டார். மறுநாள் துடைத்துவிட்டுத்தான் கொண்டுபோனேன். ஆனால் செதுக்கிய சித்திரத்தின் பள்ளத்தில் இருந்த குங்குமம் வேர்வையில் ஊறி வெளியே வர, என் வெள்ளைப் பாவாடையின் பக்கவாட்டெல்லாம் ரோஸ் நிறக் கைத்தடம். கக் ரோஸ் பார்த்துவிட்டு, "அலமாக், யாரக் கொன்னுட்டு வந்த?" என்றார்.

ஆமாம், வெள்ளைப் பாவாடை. அதுதான் இந்த ஆட்டத்தின் இன்னொரு பெரிய சாமான். பயிற்சிக்கு என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு வரலாம். போட்டி என்று வந்துவிட்டால் தலை முதல் கால் வரை வெள்ளை. வெள்ளைச் சட்டை, முட்டிக்குக் கீழே இறங்கிய வெள்ளைப் பாவாடை, வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சப்பாத்து. சப்பாத்தின் அடியில் குதியும் இருக்கக் கூடாது, வரிவரியாகப் பள்ளமும் இருக்கக் கூடாது, புல் கிழிந்துவிடும் என்பார்கள். அந்த மாதிரிச் சப்பாத்து ஜொகூரில் எங்கே கிடைக்கும்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம். கடைசியில் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கி, கடைகளுக்கு முன்னால் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் சீனத் தாத்தாவிடம் கொடுத்து அடியை வழவழவென்று தேய்த்து வாங்கிக்கொண்டோம். மழை பெய்த புல்லில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்.

எங்கள் குழுவில் நன்றாக ஆடியவர் என்றால் வசந்தாக்காதான். எனக்கு ஜோடியும் அவர்தான். தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் சூப்பர்வைசர். வீடு உலு திராமில். அவருடைய கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர், விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போய்விட்டு இருட்டித் திரும்புகிற ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். ஒருநாள் வழியில் லாரி இடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணமாகிப் பிள்ளைகூட இன்னும் பிறக்கவில்லை. அக்காவுக்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும்.

கருமாதியன்று அக்காவின் அண்ணன்மார் வழக்கப்படி பிறந்த வீட்டுக் கோடியாக வெள்ளைப் புடவை கொண்டுவந்து போட்டார்கள். அக்கா ஒரு வருடம் வெள்ளையும் வெளிறியதுமாகவே உடுத்தினார். முதல் திவசம் முடிந்த மறுநாள் அத்தனையையும் மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டு, கிளிப்பச்சை சுடிதாரில் வேலைக்கு வந்தார். அடுத்த நாள் கடுகு மஞ்சள். அதற்கடுத்த நாள் கத்திரிப்பூ. கேண்டீனில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அக்கா காதில் வாங்கவில்லை. ஆனால் ஒன்று, பொட்டு வைக்கவில்லை, பூ வைக்கவில்லை. நெற்றி மட்டும் வெறுமையாகவே இருந்தது.

கக் ரோஸ் அவரைப் புல்தரைக்கு இழுத்து வந்தது அந்த நாட்களில்தான். "சும்மா ஒரு பந்து உருட்டிப் பாரு, வேற ஒண்ணும் வேணாம்" என்றாராம். அக்கா குனிந்தார், உருட்டினார், பந்து அகலமாக வளைந்துபோய் ஜாக்கின் மேல் சாய்ந்து நின்றது. பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் வாயைப் பிளந்தோம். அக்கா அவர் பாட்டுக்கு இரண்டாவது பந்தை எடுத்தார். அன்றைக்கு அவர் சிரித்ததை நான் பார்த்தேன், இறுக்கம் விட்டு, பல் தெரிய. வேலையிடத்தில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு ஒரு பயிற்சியைக்கூட விட்டதில்லை. மழை வந்தாலும் கொட்டகையில் உட்கார்ந்து பந்தைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பார். "வீட்ல இருந்தா செவுத்தையே பாத்துக்கிட்டு இருப்பேன்டி. இங்க வந்தா அந்த ஜாக்கப் பாக்குறேன். அதாச்சும் நகருது" என்று ஒருமுறை சொன்னார்.

அப்புறம் கிளப்புகளுக்கு இடையிலான போட்டி அறிவிப்பு வந்தது. கக் ரோஸ் எங்கள் ஜோடியின் பெயரைக் கொடுத்துவிட்டார். உடுப்பைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் அக்காவின் முகம் மாறியது.

"முழுசா வெள்ளையா?"

"மெஸ்தி பூத்தேலா. எல்லாம் வெள்ளை, கட்டாயம்" என்றார் கக் ரோஸ்.

"அப்ப நான் வரல கக். வேற ஆளப் பாருங்க."

கக் ரோஸுக்கு ஒன்றும் புரியவில்லை. வெள்ளை அவர்களுக்குத் தொழுகை உடுப்பின் நிறம், நல்ல நிறம். நான் தனியாகக் கூட்டிப்போய் விளக்கினேன். கேட்டதும் அவர் டைரியைப் புரட்டி நம்பரைத் தேடி எடுத்தார். அப்புறம் போட்டி நடத்துகிறவர்களுக்குப் போன் போட்டார். கிரீம் நிறம் போடலாமா? கூடாது. ஓரத்தில் நீலக் கரை? கூடாது. மெல்லிய மஞ்சள்? எதிர்முனையில் இருந்தவர் கோபமாகப் போனை வைத்துவிட்டார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைகளைப் பற்றி இதற்குள் உங்களுக்கு ஒரு அபிப்பிராயம் வந்திருக்கும். வெள்ளையிலும் எத்தனையோ வெள்ளை இருக்கிறதே, பூப்போட்டு நெய்த வெள்ளை, மினுக்கும் வெள்ளை என்று. அழகாக ஒன்று எடுத்துவிட்டால் அக்காவுக்கு மனசு மாறும் என்று நினைத்தேன். கெஞ்சிக் கூத்தாடி அவரை டவுனில் ஒரு தமிழ்த் துணிக்கடைக்கு அழைத்துப் போனேன்.

கடையில் வயதான ஒரு விற்பனையாளர். நல்ல மனிதர். "வாங்கம்மா" என்று வரவேற்றார். வெள்ளைத் துணி வேண்டும் என்றேன். அவர் அக்காவின் நெற்றியைப் பார்த்தார். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எப்பம்மா காரியம்?"

நாங்கள் பதில் சொல்லுமுன்னே உள்ளே போய், கரையில்லாத வெள்ளைப் புடவைகள் இரண்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். விரித்துக் காட்டவில்லை, அந்தப் புடவையை யாரும் விரித்துக் காட்டுவதில்லை. "கோடிக்கு இந்த ரகம்தாம்மா எடுப்பாங்க. ஒடம்புக்கு உறுத்தாது" என்று அக்காவைப் பார்த்துப் பரிவோடு சொன்னார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

"இல்லண்ணே. தப்பா வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே நடந்தார்.

பஸ் நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் கரும்புச் சாறு வாங்கி வந்தேன். அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அவரே பேசினார்.

"கலர் துணி உடுத்துறதே எனக்குப் போராட்டம்டி. அதையும் கழட்டிட்டு வெள்ளைல நின்னா, அப்புறம் எனக்கும் அந்தப் பொடவைக்கும் என்னா வித்தியாசம்?"

"பொட்டு வச்சுக்கலாம்லக்கா. பொட்டு வச்சா யாரும் அப்படி நெனைக்க மாட்டாங்க."

அக்கா தலையை ஆட்டினார். "எங்க அத்தை இருக்காங்க. பெத்த பிள்ளையத் தூக்கிக் குடுத்துட்டு உக்காந்திருக்காங்க. அவங்க கண்ணு முன்னால நான் எப்படிடி பொட்டு வைக்கிறது? கலர் துணிய அவங்க ஒண்ணும் சொல்லல. அதுவே பெரிசு."

அக்காவின் மாமியாரை நான் அறிவேன். ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர், இளம் வயதிலேயே கணவனை இழந்து ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவர். அவர் உடம்பில் வெளுத்த வெள்ளைப் புடவையைத் தவிர வேறு எதையும் யாரும் பார்த்ததில்லை. பிள்ளையும் போன பிறகு அந்த வீட்டில் அவரும் மருமகளும் மட்டும்தான். அக்காவின் அண்ணன்மார் வந்து கூப்பிட்டபோது, "அவங்கள விட்டுட்டு நான் எங்க வர்றது" என்று அக்கா போகவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்துகொள்வார்கள். அதனாலேயே அந்த வீட்டில் பேச்சு குறைவு.

அதற்குப் பிறகு அக்கா பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டார். வேலை முடிந்ததும் நேராகத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார். கேண்டீனில் பார்த்தால் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பார். கணவர் இறந்த வருடத்தில் இருந்த அதே முகம். எனக்குப் பயமாக இருந்தது. போட்டி போனால் போகிறது, அடுத்த வருடம் வரும். அந்தச் சிரிப்பு மறுபடி உள்ளே போய்விட்டால் திரும்பி வருமா என்று எனக்குத் தெரியவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் கக் ரோஸ் என்னிடம் ஒரு பொட்டலம் கொடுத்தார். சட்டையும் பாவாடையும். அவரே தைத்தது. புதுத் தொழுகை உடுப்புக்கென்று எடுத்து வைத்திருந்த துணியாம். அளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார். "போடுறதும் போடாததும் அவ இஷ்டம். குடுத்துட்டு வந்துடு, ஒண்ணும் பேசாத. நீ பேசுனா கெட்டுப்போகும்."

பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில், வருவாரோ மாட்டாரோ என்று தெரியாமலே, அப்பாவின் பழைய காரை எடுத்துக்கொண்டு உலு திராமுக்குப் போனேன். வரிசை வீடுகளில் கடைசி வீடு. கேட் திறந்திருந்தது. முன்னறையில் மாமியார் தரையில் உட்கார்ந்து, தட்டில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

"உக்காரு ஆயி. உள்ள இருக்கா. ராத்திரி பூரா தூங்கல" என்றார்.

அறைக் கதவு திறந்தது. அக்கா வெள்ளையில் வந்து நின்றார். சட்டை, பாவாடை, காலுறை எல்லாம் வெள்ளை, வெறும் நெற்றி. எத்தனையோ பேரை அந்த உடுப்பில் பார்த்திருக்கிறேன். அவரைப் பார்த்ததும் எனக்கு அந்தத் துணிக்கடை மேசைதான் கண்ணுக்குத் தெரிந்தது. மாமியாரின் கை நின்றுவிட்டது.

"என்னாடி இது?"

"மேட்ச் உடுப்பு அத்தை. எல்லாரும் இதுதான் போடணுமாம்." அக்காவின் குரல் எழும்பவில்லை. "வேணாம்னா சொல்லுங்க, கழட்டிடுறேன்."

மாமியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "ஒரு வீட்டுல ஒரு வெள்ளை போதும்" என்றார்.

அக்கா சட்டைப் பொத்தானில் கை வைத்தார். அறைக்குள் திரும்பினார். நானும் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"எங்கடி போற? நில்லு அங்கயே."

மாமியார் தரையில் கை ஊன்றி எழுந்தார். சமையலறைக் குழாயில் கை கழுவும் சத்தம் கேட்டது. நெத்திலி வாடை போகும்வரை சோப்புப் போட்டுக் கழுவினார் போல, வெகுநேரம் தண்ணீர் ஓடியது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சாமி மேடைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் குங்குமச் சிமிழ் இருந்தது.

அக்கா பின்னால் நகர்ந்தார். "வேணாம் அத்தை. நீங்க போயி..."

"ஏன், என் கை ஆகாதா?"

"ஐயோ, அப்படி இல்ல அத்தை."

நம் சனங்களிடையே கணவனை இழந்தவர் கையால் யாருக்கும் குங்குமம் வைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாண வீடுகளில் அந்த அம்மா தானாகவே ஒரு மூலையில் ஒதுங்கி உட்கார்ந்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் சிமிழைத் திறந்தார்.

"அவன் போனதுக்கு நீ என்னாடி பண்ணுவ? நான் பாத்துட்டு அழுவேன்னுதானே இத்தன நாளா வெறும் நெத்தியோட திரியுற. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நான்தான் வாயத் தொறந்து சொல்லிருக்கணும். சொல்ல வரல."

பல வருடங்களாகப் பொட்டு வைத்துப் பழக்கமில்லாத விரல். பொட்டு பெரிதாக, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்தது. மூக்கின் மேலும் கொஞ்சம் தூள் உதிர்ந்தது. மாமியார் அதை ஊதித் தட்டிவிட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை எழவில்லை. நான் நெத்திலித் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்கும் அடக்க முடியவில்லை.

"போ. நேரமாச்சு. ஒழுங்கா உருட்டு" என்று சொல்லிவிட்டு மாமியார் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

கார் தெப்ராவ் வந்ததும் அக்கா கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "கோணலா இருக்காடி?"

"கொஞ்சம் கோணல்தான்கா."

"இருக்கட்டும்" என்று கண்ணாடியைத் திருப்பி விட்டார்.

போட்டிக்கு முன்னால் உடுப்புச் சோதனை. நடுவர் ஒரு சீனப் பெரியவர். சப்பாத்தைத் தூக்கச் சொல்லி அடியைப் பார்த்தார், பாவாடை நீளம் பார்த்தார், தொப்பி பார்த்தார். அக்காவின் நெற்றிக்கு வந்ததும் நின்றார். "திஸ் ஒன் ரெட்" என்றார். கக் ரோஸ் இரண்டே எட்டில் வந்துவிட்டார்.

"உடுப்பு வெள்ளை அங்கிள். முகம் அவளோடது. முகத்துக்கு ரூல் இருந்தா காட்டுங்க."

நடுவர் யோசித்தார். அக்காவின் முகத்தை இன்னொருமுறை பார்த்தார். என்ன தெரிந்ததோ, "ஓகே, ஓகே. கோ" என்று கையை ஆட்டிவிட்டார்.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. வேர்வையில் குங்குமம் கரைந்து மூக்கில் இறங்கியது, சட்டைக் காலரில் இரண்டு சொட்டு விழுந்தது. துடைத்துக்கொள்ளச் சொல்லித் துண்டை நீட்டினேன். அக்கா கையால் தள்ளிவிட்டுக் குனிந்தார். அவர் உருட்டிய பந்துகள் ஒவ்வொன்றும் போய் ஜாக்கைச் சுற்றி உட்கார்ந்தன. பல் தெரியச் சிரித்தார். நாங்கள் ஜெயித்திருக்க வேண்டும். கடைசிப் பந்து என்னுடையது. அவசரத்தில் வட்டத்தை மாற்றிப் பிடித்துவிட்டேன், பந்து பழக்கதோஷத்தில் பக்கத்துத் தடத்துக்குப் போய்விட்டது. அங்கே ஆடியவர்கள் எடுத்துக் கொடுத்தபோது, வழக்கம்போலச் சாரி சொன்னேன். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் வீட்டில் இறக்கிவிட்டபோது மாமியார் கேட் அருகிலேயே நின்றிருந்தார். காலர் கறையைப் பார்த்து, "இத எவ தொவைக்கிறது?" என்று மட்டும் கேட்டார். நெத்திலிச் சம்பலோடு எனக்கும் சாப்பாடு போட்டார். அன்று அந்த வீட்டில் மூன்று பேரும் சத்தமாகப் பேசிக்கொண்டு சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு எல்லாமே மெல்ல மெல்லக் கழன்று போயின. தொழிற்சாலையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கிளப்பின் புல்தரையில் இன்று அடுக்குமாடி வீடு நிற்கிறது, எங்கள் தடம் இருந்த இடம் கார் நிறுத்தும் இடமாகியிருக்க வேண்டும். கக் ரோஸ் மெர்சிங்கில் மகனோடு போய் இருக்கிறார், அவன் தீவுகளுக்குப் படகு விடுகிறான். இப்போது இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தால் நீலமும் மஞ்சளுமாகப் பனியன் போட்டிருக்கிறார்கள். பந்துகூட ரோஸ், பச்சை என்று பல நிறத்தில் வந்துவிட்டது. வசந்தாக்காவிடம் போனில் சொன்னேன். "அப்பவே கலர விட்டிருந்தா ஒரு பொடவைக் கடைக்காரர் தப்பிச்சிருப்பாரு" என்றார்.

அவருடைய மாமியார் போய்ச் சேர்ந்து சில வருடங்களாகின்றன. சாவுச் செய்தி கேட்டு நான் போனபோது வீடு நிறைய உறவுக்காரர்கள். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது, நெற்றியில் வழக்கம்போலப் பெரிய பொட்டு. காரியத்துக்கு நேரம் நெருங்கியதும் சித்தி முறையில் ஒரு அம்மா அக்காவின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"வசந்தா, இன்னிக்கு ஒரு நாளைக்காச்சும் அந்தப் பொட்ட அழிச்சுடு. நாலு பேரு பாக்குறாங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் முன்னறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"அழிக்க மாட்டேன் சித்தி. வச்சு விட்டவங்க இங்கதான் படுத்திருக்காங்க. அவங்களக் கேளுங்க."

சித்தி அக்காவின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.